பாலைவனத்தில் கூடாரம் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், பள்ளி விடுமுறைக்கு நம் தென் ஆப்பிரிக்காவின் வறண்ட கரூ, கலஹாரி பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்குங்கள் என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றியே இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதற்கே. மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகன் அமெரிக்காவில், அரிசோனாவில் இருக்கிறான். அங்கே பாலைவனத்தில் கேரவனை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் காசில்லாமல் தங்குகிறார்களாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாமாம். நம் கரூவிலும் கண்ணுக்கு எட்டியவரை காலி இடம்தானே, அதேபோல் செய்தால் என்ன?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

அவன் சொல்வது உண்மைதான். அமெரிக்காவில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறை ஒன்றின் கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது, பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில். தடை என்று அறிவிக்காத இடங்களில் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். குழாய் இருக்காது, கழிப்பறை இருக்காது, குப்பைத் தொட்டிகூட இருக்காது. கொண்டுபோனதை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு வர வேண்டும், கெடு முடிந்ததும் வண்டியை நகர்த்த வேண்டும். குவார்ட்ஸைட் என்ற ஊர்ப் பக்கம், குளிர்காலம் முழுக்க அனுமதிச் சீட்டு வாங்கித் தங்குவதற்கென்றே நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்த ஏற்பாடு கிடையாது. கரூவில் நீங்கள் பார்க்கிற காலி இடம் அநேகமாக யாரோ ஒருவருடைய ஆட்டுப் பண்ணை. வேலி கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கலாம், ஆனால் இருக்கும். அனுமதியில்லாமல் உள்ளே போனால் 1959-ஆம் ஆண்டின் அத்துமீறல் சட்டம் இன்றைக்கும் செல்லும். ஆடு திருட்டால் நொந்துபோயிருக்கிற பண்ணைக்காரர், ராத்திரியில் தன் நிலத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். சாலைக்கும் வேலிக்கும் நடுவில் இருக்கிற துண்டு நிலத்தில் படுப்பதும் வேண்டாம், அது பாதுகாப்பான இடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாததால் அந்த நிலத்துக்கு ஆளே இல்லை என்று ஆகிவிடாது. நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கிற ரிக்டர்ஸ்ஃபெல்டில் 1920-களில் வைரம் கிடைத்த பிறகு அங்கேயே வாழ்ந்த நாமா மக்களின் நிலம் அவர்கள் கையைவிட்டுப் போனது. அது அவர்களுடையதுதான் என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2003 வரை ஆனது. ஆகவே எங்கே கூடாரம் போடுவதாக இருந்தாலும் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேட்டால் இடம் நிறையவே கிடைக்கும். நீங்கள் தேடுகிற அந்தத் தனிமைக்கு மூன்று இடம் சொல்கிறேன். முதலாவது, டாங்க்வா கரூ தேசியப் பூங்கா. வசதி எதுவும் இல்லாத, ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கும் தனித்தனி இடங்கள், பக்கத்துக் கூடாரத்தின் குரல்கூடக் கேட்காது. அடுத்தது ரிக்டர்ஸ்ஃபெல்ட், ஆரஞ்சு ஆற்றங்கரையில் டி ஹூப் போன்ற முகாம்கள், உள்ளே கோக்கர்பூம்க்ளூஃப் என்ற பாறை நிலம். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, சாதாரண கார் அந்தப் பூங்காவுக்குள் ஆகாது. மூன்றாவது, கலஹாரியில் நம் நாடும் போட்ஸ்வானாவும் பகிர்ந்துகொள்கிற கலகாடி எல்லை கடந்த பூங்கா. அதில் போட்ஸ்வானா பக்கம், மாபுவாசெஹுபேயைச் சுற்றியுள்ள முகாம்களுக்கு வேலியே இல்லை, சிங்கம் உங்கள் அடுப்பு ஓரமாக நடந்து போகலாம். முதல் தடவையே அங்கே போகாதீர்கள். இவை போக, கரூ முழுக்க எத்தனையோ பண்ணைகளில் தாங்களே கூடார இடம் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு போன் போதும்.

அப்பாவுக்கு வயது 78. "வீடு வாசல் இருக்கும்போது கூடாரத்தில் போய்ப் படுப்பது வெள்ளைக்காரன் வேலை, நமக்கு எதற்கு?" என்கிறார். அவரை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அப்பாவிடம் வாதாடாதீர்கள் அம்மா. அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது.

1891-இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் போட்ட சட்டம், இந்தியர்கள் அங்கே குடியிருக்கவும் வியாபாரம் செய்யவும் கூடாது என்றது. அது நீங்க 1980-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. நேட்டாலிலிருந்து அந்த மாகாணம் வழியாகக் காரில் போன நம் குடும்பங்கள், இரவு எங்கேயும் தங்க முடியாமல், குழந்தைகள் பின் சீட்டில் தூங்க, ஒரே ஓட்டமாக ஓட்டிக் கடந்திருக்கின்றன. போதாததற்கு 1953-ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரை, பூங்கா, கழிப்பறை எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்தது, 1990 வரை. அப்பாவின் இளமை முழுக்க அதற்குள்ளே போயிருக்கிறது. கேரவன் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது அவர் கண்ணுக்கு வெள்ளைக்காரர்களின் சந்தோஷமாகத்தான் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. நம் ஆட்களுக்கு வெளியில் படுக்கத் தெரியாது என்பதும் இல்லை. மீன் பிடிக்கப் போய்க் கடலோரத்தில் தார்ப்பாய் கட்டி, நெருப்பு மூட்டி, விடிய விடிய உட்கார்ந்திருந்த தாத்தாக்கள் எந்த வீட்டில் இல்லை? அப்பாவிடமே அந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த நாட்டின் நடுப்பகுதியை நம் பெரியவர்கள் பார்க்காமலே போய்விடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அதனால் இப்படிச் செய்யுங்கள். கலகாடிக்குப் போங்கள். டர்பனிலிருந்து அப்பிங்டன் சுமார் 1,200 கிலோமீட்டர், அங்கிருந்து ட்வீ ரிவீரன் முகாம் இன்னொரு 250. ஒரே நாளில் ஓட்டாதீர்கள். புளூம்ஃபொன்டைனில் ஒரு ராத்திரி தங்குங்கள், ஃப்ரீ ஸ்டேட்டில், நல்ல அறை எடுத்து. ட்வீ ரிவீரனில் அப்பாவுக்குக் கட்டிலும் குளியலறையும் உள்ள ஒரு சின்ன சாலே வீடு பதிவு செய்துவிட்டு, நீங்களும் பிள்ளைகளும் அதே முகாமில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். வேலி உண்டு, கடை உண்டு, பெட்ரோல் உண்டு. சாயங்காலம் அவர் உங்கள் நெருப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும். சூரியன் இறங்கியதும் மணலுக்குள்ளிருந்து பல்லிகள் டக் டக் என்று கத்த ஆரம்பிக்கும். அப்புறம் அவரே எழுந்து போக மாட்டார். பள்ளி விடுமுறைக்கு இடம் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து சில வருடம்தான் ஆகிறது. டபுள் கேப் பக்கி (பிக்கப் வண்டி) வாங்கியிருக்கிறேன், ஃபோர் வீல் டிரைவ். டாங்க்வா கரூ போக ஆசை. "அந்த ரோட்டில் டயர் கிழியும்" என்று ஆபீசில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நிஜமா?
— வாசகர், மிட்ராண்ட்

நிஜம்தான் தம்பி. செரிஸிலிருந்து கல்வினியா போகிற ஆர்355 சாலை ஏறக்குறைய 250 கிலோமீட்டர், நடுவில் ஒரு ஊர் கிடையாது, பெரும்பகுதி கிராவல். அந்த மண்ணில் இருக்கிற ஷேல் கல் ஏடு ஏடாகப் பிளந்து கத்தி முனையாக நிற்கும். டயரின் அடிப்பாகத்தைவிட அதன் பக்கச் சுவரைத்தான் அது கிழிக்கும், பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது. அதனால் இரண்டு ஸ்பேர் டயர் வேண்டும், இரண்டும் முழு அளவு. பஞ்சர் கிட், காற்றடிக்கும் கம்ப்ரசர், அழுத்தம் பார்க்கிற கேஜ், ஜாக் வைக்க ஒரு பலகை. கிளம்புவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், பக்கியின் அடியில் தொங்கும் ஸ்பேரை இறக்குவதே பலருக்குத் தெரிவதில்லை, அதைக் கற்றுக்கொள்ளும் இடம் ஆர்355 இல்லை.

கிராவலிலும் மணலிலும் டயரின் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்பீர்கள். வண்டியையும் சுமையையும் பொறுத்தது. தார்ச் சாலையில் 2.4 பார் வைத்திருந்தால் கிராவலில் 1.8 பக்கம், ஆழமான மணலில் 1.4 பக்கம் என்று தொடங்கலாம். காற்றுக் குறைந்த டயர் படிந்து ஓடும், கல்லைச் சுற்றி வளைந்துகொடுக்கும், மணலில் புதையாது. ஆனால் காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். கிராவலில் 60, மிஞ்சிப்போனால் 70. நேராக, காலியாகக் கிடக்கிற சாலை காலை அழுத்தச் சொல்லும், கேட்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் அங்கே அதிகம் மாட்டிக்கொள்வது சிங்கத்திடமோ பாம்பிடமோ இல்லை, ஒரு வளைவில் வண்டி வழுக்கிப் பிரேக்கை மிதித்துக் கவிழ்வதில்தான். வழுக்கினால் பிரேக்கை மிதிக்காமல், காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை ஒடிக்காமல் பிடியுங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றிக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது. செரிஸிலோ கல்வினியாவிலோ டாங்கை நிரப்பிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போன் சிக்னலும் பெரும்பாலான இடத்தில் இருக்காது. எந்த வழியாகப் போகிறோம், எந்த நாள் எத்தனை மணிக்குள் திரும்பிக் கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக் கூடாது. நிழலும் தண்ணீரும் வண்டியில்தான் இருக்கின்றன, தேடி வருகிறவர்களுக்கு முதலில் தெரிவதும் வண்டிதான்.

கலஹாரிக்குப் போனால் இன்னொரு கவனம். சாலை நடுவில் புல் உயரமாக வளர்ந்திருந்தால் அதன் விதை ரேடியேட்டரில் போய் அடைக்கும், காய்ந்த புல் வண்டியின் அடியில் சைலன்சர் மேல் சேர்ந்து தீப்பிடிக்கும். முன்னால் வலை கட்டுங்கள், அடிக்கடி நிறுத்திக் குனிந்து அடியில் பாருங்கள்.

தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்? கழிப்பறை இல்லாத இடத்தில் மாமியாரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, டொங்காட்

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். கை கால் கழுவ, பாத்திரம் தேய்க்க இன்னொரு 5. அதற்கு மேல் இரண்டு நாளுக்கான தண்ணீர் தனியாக, வண்டி நின்றுபோனால் உதவ. எல்லாவற்றையும் ஒரே கேனில் வைக்காதீர்கள், அது ஓட்டையானால் எல்லாம் போச்சு. சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் தண்ணீரில் கழுவினால் பாதி மிச்சம்.

மாமியாருக்கு, கையில் தூக்கிச் செல்லும் கெமிக்கல் டாய்லெட் ஒன்று வாங்குங்கள், கேம்பிங் கடைகளில் கிடைக்கும். அதைச் சுற்றி நிற்கிற மாதிரி ஆள் உயர டாய்லெட் டென்ட் ஒன்று. உட்காரும் உயரம் வீட்டில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும், முட்டிவலிக்காரர்களுக்கு அடியில் உறுதியான பெட்டியோ பலகையோ வைத்து உயர்த்துங்கள். நிறைந்ததை அதற்கென்று உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். முகாம்களில் இருக்கும் குழிக் கழிப்பறையில் கொட்டினால், அந்த மருந்து குழிக்குள் மக்கச் செய்கிற கிருமிகளைக் கொன்றுவிடும், அப்புறம் அந்தக் குழி யாருக்கும் பயன்படாது.

மற்றவர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு, கூடாரத்திலிருந்தும் நீரோடைத் தடத்திலிருந்தும் 60 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய், ஒரு சாண் ஆழம் தோண்டி மூட வேண்டும். ஆனால் காகிதத்தைப் புதைக்காதீர்கள். வறண்ட மண்ணில் அது மக்காது, காற்றும் நரியும் அதை வெளியே இழுத்துப் போடும். ஒரு பையில் கட்டித் திருப்பிக் கொண்டுவாருங்கள். குழந்தையின் டயப்பரும் அப்படியே. தனிமையைத் தேடி அவ்வளவு தூரம் போய், ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் வெள்ளைக் காகிதம் பறப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

புரட்டாசியில் விடுமுறை வருகிறது. கறி மீன் இல்லாமல் ஒரு வாரம் அங்கே என்ன சமைப்பது? எல்லோரும் தணலில் கறி சுட்டு பிராய் போட்டுக்கொண்டிருப்பார்களே.
— வாசகி, ஃபீனிக்ஸ்

புரட்டாசிதான் வசதி. கறி இல்லாவிட்டால் பிரிட்ஜ் பற்றிய கவலை பாதி தீர்ந்தது. பிரஷர் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். சுகர் பீன்ஸை வண்டி ஓடும்போதே மூடி போட்ட டப்பாவில் ஊறவைத்தால் சாயங்காலம் குக்கரில் போடத் தயாராக இருக்கும். உருளை, வெங்காயம், பூசணி, பட்டர்நட் எல்லாம் வெளியிலேயே ஒரு வாரம் தாங்கும். கறிவேப்பிலையை எண்ணெயில் பொரித்துப் புட்டியில் அடைத்துக்கொள்ளுங்கள், பச்சை மிளகாயைக் காகிதத்தில் சுற்றுங்கள். முதல் நாளுக்குப் புளிச்சோறு, ரொட்டி, மாங்காய் ஊறுகாய். பட்டர்நட்டை முழுசாகத் தணலில் புதைத்துச் சுட்டு, உப்பும் மிளகாயும் தூவிப் பாருங்கள், கறி கேட்ட பிள்ளைகளும் சாப்பிடும்.

விறகு விஷயத்தில் ஒன்று. பூங்காவில் சுள்ளி பொறுக்கக் கூடாது, முகாம் கடையிலோ வழியிலோ வாங்க வேண்டும். ஒட்டகமுள் மரம் பாதுகாக்கப்பட்ட மரம், அதன் காய்ந்த கிளைகூட எத்தனையோ உயிர்களுக்கு வீடு.

பிரிட்ஜ் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு, லோட் ஷெடிங் சமயத்தில் வாங்கிய கையடக்க பவர் ஸ்டேஷன் வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் ஒரு சோலார் தட்டையும் எடுத்துப் போங்கள். 12 வோல்ட் பிரிட்ஜை நிழலில் வைத்து, அடிக்கடி திறக்காமல் இருந்தால் நன்றாக ஓடும்.

ஜூலையில் கரூவில் சதர்லாந்து பக்கம் போகிறோம். குளிர் பயங்கரமாமே. கூடாரத்துக்குள் சின்ன கேஸ் ஹீட்டர் வைத்துக்கொள்ளலாமா? அல்லது பிராய் தணலை ஒரு சட்டியில் அள்ளி வைத்தால்?
— வாசகர், லேடிஸ்மித்

இரண்டும் கூடாது. கூடாரத்திலும் கூடாது, கேரவனிலும் கூடாது. தணல் அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், எழுந்திருக்கவே மாட்டீர்கள். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குளிர் கீழேயிருந்துதான் ஏறும். அதனால் மெத்தைக்கு அடியில் கனமான ஃபோம் பாய், அதன்மேல் கம்பளி. பூஜ்ஜியத்துக்குக் கீழே தாங்கும் ஸ்லீப்பிங் பேக். தலைக்குக் குல்லாய், உலர்ந்த காலுறை, காலடியில் வெந்நீர்ப் புட்டி. படுப்பதற்கு முன் சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். அவ்வளவு குளிரில் அங்கே போவது எதற்கு என்றால், வானத்துக்காக. தென் ஆப்பிரிக்காவின் பெரிய சால்ட் தொலைநோக்கியை 2005-இல் அங்கே திறந்தது சும்மா இல்லை.

பாம்பு, தேள் பயத்தாலேயே மனைவி வரமாட்டேன் என்கிறாள்.
— வாசகர், ஸ்டேங்கர்

பயப்படுவதில் தப்பில்லை. தேளில் ஒரு அடையாளம் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் இடுக்கி மாதிரி இருக்கும் கொடுக்குப் பெரிதாகவும் வால் மெலிந்தும் இருந்தால் வலிக்கும், அநேகமாக ஆபத்து குறைவு. வால் தடித்து, முன் கொடுக்கு மெலிந்திருந்தால் அது விஷத் தேள், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் உயிருக்கே ஆபத்து. கொட்டினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், காத்திருந்து பார்க்கக் கூடாது. ராத்திரி புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும், படுப்பதற்கு முன் கூடாரத்தைச் சுற்றி ஒரு தடவை அடித்துப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். விறகைக் கையால் தூக்குவதற்கு முன் குச்சியால் புரட்டுங்கள்.

பாம்பு என்றால் கேப் நாகமும் பஃப் ஆடர் என்ற விரியனும்தான் முக்கியம். கடித்த இடத்தை அறுப்பது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து வண்டியில் ஏற்றுங்கள். நாக விஷம் மூச்சை நிறுத்தும். நின்றால் ஆஸ்பத்திரி சேரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், அதைக் கிளம்புவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி எந்த ஊரில், எத்தனை மணி நேரம் என்பதும் எழுதி வண்டியில் இருக்கட்டும். கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள், இத்தனையும் செய்தால் உங்கள் மனைவி நிம்மதியாகத் தூங்கலாம்.

கல் மாதிரியே இருக்கும் செடி ஒன்று அங்கே உண்டாமே. இரண்டு எடுத்துவந்து தொட்டியில் வைக்கலாமா?
— வாசகி, வெருலம்

வேண்டாம் அக்கா. அது குற்றம், வழியில் போலீஸ் வண்டியைச் சோதிப்பதும் உண்டு. சதைப்பற்றுக் கரூ என்கிற அந்தப் பகுதியில் 6,000-க்கு மேற்பட்ட செடி வகைகள், அதில் சுமார் 40 சதவீதம் உலகில் வேறு எங்கேயும் இல்லை. கள்ளத்தனமாகப் பிடுங்கி வெளிநாட்டுக்கு விற்கிறவர்களால் சில வகைகள் அழிகிற நிலைக்கு வந்துவிட்டன. ஆசையாக இருந்தால் உரிமம் உள்ள நர்சரியில் விதையிலிருந்து வளர்த்ததை வாங்குங்கள். அங்கே போகும்போது வண்டியைத் தடத்தைவிட்டு இறக்காதீர்கள், மண்ணின் மேல்தோல் ஒருமுறை உடைந்தால் அந்தச் சக்கரத் தடம் பல பத்து வருடத்துக்கு அப்படியே கிடக்கும்.

கரூவில் மரமே இல்லை, காய்ந்த ஆற்றுக்குள் மட்டும்தான் நிழல் இருக்கிறது. அங்கேயே கூடாரம் போட்டால் என்ன? மாமனாரின் பழைய கேரவனையும் இழுத்துப் போகலாமா?
— வாசகர், பினோனி

மதியம் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், வானம் தெளிவாக இருந்தால். ராத்திரி மட்டும் படுக்கவே கூடாது. உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லாமல், எங்கோ மலையில் பெய்த மழை இருட்டில் வந்து சேரும். லேங்ஸ்பர்க் ஊரைப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1981 ஜனவரி 25-ஆம் தேதி பஃபல்ஸ் ஆறு பெருகி 104 பேர் செத்தார்கள், அதுவும் கரூதான். மேட்டு நிலத்தில் போடுங்கள், நிழலுக்கு வண்டியிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள்.

கேரவன், தார்ச் சாலைக்காகச் செய்ததாக இருந்தால் ஆர்355-இல் அலமாரிக் கதவு முதல் அச்சு வரை ஆட்டம் கண்டுவிடும். ட்வீ ரிவீரன் வரை தார் இருக்கிறது, அங்கே மின்சாரத்தோடு கேரவன் நிறுத்த இடமும் உண்டு, அதைக் கொண்டுபோங்கள். கிளம்புவதற்கு முன் டயரின் வயதைப் பாருங்கள், கோடு தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் வெடிக்கும். உங்கள் லைசென்ஸையும் பாருங்கள்: கோட் பி-யில் மொத்த எடை 750 கிலோ வரைதான் இழுக்கலாம், அதற்கு மேல் கோட் இபி வேண்டும். பெரும்பாலான கேரவன்கள் அதைத் தாண்டும்.